குடும்ப நீதிமன்றத்துக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

நீதிமன்ற வளாகத்தில் உள்ள இலவசச் சட்ட உதவி மையத்தில் தன்னார்வலராக உட்காருகிறவள் நான். வருகிறவர்கள் நாற்காலியில் சரியாக அமர்வதற்கு முன்பே, "விவாகரத்து கிடைக்க எத்தனை மாதம் ஆகும்?" என்று கேட்டுவிடுவார்கள். பதிலுக்கு நான் வேறு சிலவற்றைக் கேட்பேன். இந்த மாத வாடகையை யார் கட்டுகிறார்கள்? குழந்தை யாரிடம் இருக்கிறது? இன்று இரவு பயமில்லாமல் படுக்க இடம் இருக்கிறதா?

பிரிவதா, சேர்ந்து வாழ்வதா என்பதை யோசித்து, நாலு பேரிடம் பேசி, நிதானமாக முடிவெடுக்கலாம். அரிசியும் பள்ளிக் கட்டணமும் அந்த முடிவுக்காகக் காத்திருக்காது. பணத்தைக் கேட்க ஒரு மனு, குழந்தைக்காக ஒரு மனு, பாதுகாப்புக்கு ஒரு மனு, திருமண உறவைப் பற்றி ஒரு மனு என்று தனித்தனியாகக் கேட்க முடியும். இது தெரியாததால்தான் "முதலில் விவாகரத்து முடியட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம்" என்று பலர் வருடக் கணக்கில் வெறுங்கையோடு நிற்கிறார்கள்.

எந்த நீதிமன்றம், எந்த ஊர்

குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் 1984இல் வந்தது. அதற்கு முன்பு கணவன் மனைவி வழக்கும் வரப்புத் தகராறும் ஒரே சிவில் நீதிமன்றத்தில், ஏறக்குறைய ஒரே நடைமுறையில் நடந்தன. 1953இல் சீனா சென்று திரும்பிய துர்காபாய் தேஷ்முக், குடும்ப வழக்குகளுக்குத் தனி நீதிமன்றம் வேண்டும் என்று வலியுறுத்தினார். அது சட்டமாவதற்கு முப்பது ஆண்டுகள் ஆயின. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களில் குடும்ப நீதிமன்றம் அமைக்கப்பட வேண்டும். மற்ற இடங்களில் தேவை கருதி மாநில அரசு அமைக்கலாம். சென்னையில் அது உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. உங்கள் ஊரில் குடும்ப நீதிமன்றம் இல்லையா? தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட இடங்களில் இந்துத் திருமண வழக்குகளைச் சார்பு நீதிமன்றமும், ஜீவனாம்ச மனுவை நீதித்துறை நடுவர் நீதிமன்றமும் விசாரிக்கின்றன.

விவாகரத்து, திருமணம் செல்லாது என்று அறிவிக்கக் கோருவது, சேர்ந்து வாழ உத்தரவிடக் கோருவது, விவாகரத்து இல்லாமல் பிரிந்து வாழ நீதிமன்ற உத்தரவு கோருவது, ஜீவனாம்சம், குழந்தையின் பொறுப்பு, கணவன் மனைவிக்கு இடையிலான சொத்துத் தகராறு ஆகியவை குடும்ப நீதிமன்றத்தின் வேலை. பிள்ளைகள் கைவிட்ட பெற்றோரும் இங்கே ஜீவனாம்சம் கேட்கலாம். அண்ணன் தம்பி பாகப் பிரிவினை இங்கே வராது. வரதட்சணைக் கொடுமைப் புகாரும் இங்கே வராது; அது காவல் நிலையத்துக்கும் குற்றவியல் நீதிமன்றத்துக்கும் போக வேண்டியது.

எந்த ஊரில் வழக்குப் போடுவது என்பதில் பெண்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. இந்துத் திருமணச் சட்டப்படி திருமணம் நடந்த ஊர், எதிர்த்தரப்பு வசிக்கும் ஊர், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர் ஆகிய மூன்றோடு, மனைவி இப்போது வசிக்கும் ஊரையும் 2003இல் சேர்த்தார்கள். பிறந்த வீட்டுக்கு வந்துவிட்ட பெண், புகுந்த வீடு இருக்கும் ஊருக்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏற வேண்டியதில்லை. குழந்தையின் பொறுப்பைக் கேட்கும் மனுவை மட்டும், குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரில்தான் போட வேண்டும்.

கேட்பதைப் பிரித்துக் கேளுங்கள்

முதலில் பாதுகாப்பு. அடி உதை இருக்கும் வீட்டில் இருந்துகொண்டு வேறு எந்த மனுவைப் பற்றியும் யோசிக்க முடியாது. பெண்கள் உதவி எண் 181. குடும்ப வன்முறைச் சட்டம் 2005இன்படி நடுவர் நீதிமன்றத்தில் மனுக் கொடுத்தால் பாதுகாப்பு உத்தரவு, அதே வீட்டில் தங்கும் உரிமை, பணம், குழந்தையின் தற்காலிகப் பொறுப்பு எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்கலாம். குடும்ப நீதிமன்றத்தில் ஏற்கெனவே வழக்கு நடந்துகொண்டிருந்தால் அங்கேயே இந்த நிவாரணங்களைக் கேட்கவும் அந்தச் சட்டம் வழி விட்டிருக்கிறது.

அடுத்து பணம். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஜீவனாம்சம் கேட்க விவாகரத்து வழக்குப் போட்டிருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையே இல்லை. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125வது பிரிவு என்று ஊரெல்லாம் அறிந்திருந்த பிரிவு, 2024 ஜூலை 1 முதல், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144வது பிரிவாக இருக்கிறது. மதம் எதுவானாலும் இதன்கீழ் மனுப் போடலாம். விவாகரத்தான முஸ்லிம் பெண்ணுக்கும் இந்த வழி உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் மறுபடியும் உறுதி செய்தது. நோட்டீஸ் போய்ச் சேர்ந்த 60 நாளுக்குள் இடைக்கால ஜீவனாம்ச மனுவை இயன்றவரை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட அதிகமாகவே இழுக்கும். அதனால்தான் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் சொன்னது மிக முக்கியமானது: ஜீவனாம்சம் மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்து கணக்கிடப்பட வேண்டும். உத்தரவு ஒரு வருடம் கழித்து வந்தாலும் அந்த ஒரு வருடப் பாக்கியும் சேர்ந்து வரும். மனுவே போடாமல் கழித்த மாதங்கள் மட்டும் திரும்பி வராது. "பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள், பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுகிறவர்களிடம் நான் கெஞ்சாத குறையாகச் சொல்வது இதைத்தான். பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், மனு ஒரு பக்கம் கிடக்கட்டும். சமரசமானால் ஒரு நாளில் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

விவாகரத்து வழக்கு ஏற்கெனவே நடந்தால், இந்துத் திருமணச் சட்டத்தின் 24வது பிரிவின்கீழ் அதே வழக்கில் இடைக்காலச் செலவும் வழக்குச் செலவும் கேட்கலாம். இதைக் கணவனும் கேட்க முடியும். இரண்டு சட்டங்களின்கீழ் மனுப் போட்டால், ஒன்றில் கிடைத்ததை மற்றொன்றில் மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

திருமண உறவைப் பற்றிய மனு கடைசியாக வரலாம். இந்துத் திருமணச் சட்டப்படி, விதிவிலக்கான சூழ்நிலை இருந்தாலொழிய, திருமணமாகி ஓராண்டு முடியும் முன் விவாகரத்து மனுப் போட முடியாது.

காகிதங்கள்

ஒரு கோப்பு வாங்கிக்கொள்ளுங்கள். திருமணப் பதிவுச் சான்று இருந்தால் நல்லது; இல்லாவிட்டால் அழைப்பிதழும் திருமணப் புகைப்படங்களும். இருவரின் ஆதார், குடும்ப அட்டை, குழந்தையின் பிறப்புச் சான்று, பள்ளிக் கட்டண ரசீதுகள், மருந்துச் சீட்டுகள், வங்கிப் புத்தகம். கணவரின் சம்பளச் சீட்டு கையில் இல்லாவிட்டால் அவர் வேலை செய்யும் இடம், பதவி, வாகனம், வீட்டுக் கடன் தவணை என்று தெரிந்ததையெல்லாம் எழுதி வையுங்கள். செல்போனில் இருக்கும் செய்திகளை அழிக்காதீர்கள். அந்தச் செல்போனையும் மாற்றாதீர்கள். வழக்கமான சாட்சியச் சட்டத்தின் கெடுபிடி இல்லாமல், தகராறைத் தீர்க்க உதவும் எந்த ஆவணத்தையும் பார்க்கக் குடும்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

நகைப் பட்டியலைத் தனியாக எழுதுங்கள். எத்தனை சவரன், யார் போட்டது, இப்போது யாரிடம் இருக்கிறது. திருமணத்தின்போது இருவருக்கும் பொதுவாகக் கொடுக்கப்பட்ட பொருள்களைப் பற்றியும் நீதிமன்றம் தீர்ப்பில் சொல்ல முடியும். ஆனால் "நிறைய நகை போட்டோம்" என்ற ஒரு வரியை வைத்து எந்த நீதிபதியாலும் உத்தரவு எழுத முடியாது.

ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் சொத்து, கடன், வருமானம், செலவு எல்லாவற்றையும் காட்டும் பிரமாண வாக்குமூலம் கொடுக்க வேண்டும். இதுவும் அந்த 2020 தீர்ப்பு கொண்டுவந்த கட்டாயம். உங்கள் சொந்த வருமானத்தை மறைக்காதீர்கள். தையல் வேலையில் மாதம் நாலாயிரம் வந்தால் நாலாயிரம் என்றே எழுதுங்கள். சம்பாதிக்கிற மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது என்று சட்டம் எதுவும் இல்லை. மறைத்தது வெளிப்பட்டால்தான் குறுக்கு விசாரணையில் உங்கள் பேச்சு முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

வழக்கறிஞர்

குடும்ப நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வைத்துக்கொள்வது உரிமையாக அல்லாமல், நீதிமன்ற அனுமதியோடு மட்டுமே என்று குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 13வது பிரிவு சொல்கிறது. நடைமுறையில் அனுமதி கேட்டால் கிடைத்துவிடுகிறது. பெரும்பாலான வழக்குகளில் வழக்கறிஞர்களே வாதாடுகிறார்கள். ஆனாலும் அந்தப் பிரிவின் உள்நோக்கத்தைக் கவனியுங்கள். இங்கே நீதிபதி உங்களைப் பார்த்து நேராகக் கேட்பார், பதிலை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆகவே உங்கள் பெயரில் தாக்கலாகும் மனுவை ஒருமுறையாவது முழுக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். நடக்காத ஒன்றை வழக்குக்கு வேகம் கூட்ட எழுதியிருந்தால் அங்கேயே அடித்து நீக்கச் சொல்லுங்கள். மாமனார் தன்னை அடித்ததாகத் தன் மனுவில் எழுதியிருப்பது கூண்டில் ஏறிய பிறகுதான் ஒரு பெண்ணுக்குத் தெரியவந்தது. "அவர் என்னை அடித்ததே இல்லை ஐயா, அவர்தான் எனக்குச் சோறு போட்டார்" என்று அவர் சொன்னபோது, உண்மையாகவே நடந்த மற்ற கொடுமைகளும் அதோடு சேர்ந்து வலுவிழந்தன.

பணம் இல்லையென்று வழக்கறிஞர் இல்லாமல் நிற்காதீர்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987இன்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. ஆண்களுக்கு வருமான வரம்பு உண்டு; பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு அந்த வரம்பும் இல்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட ஆணைக்குழுவும், தாலுகா அளவில் வட்டக் குழுவும் இருக்கும். அழைக்க வேண்டிய எண் 15100.

முதல் வாய்தா

மனுவை ஏற்று எண் கொடுத்துவிட்டால் ஓ.பி. (திருமண வழக்கு) அல்லது எம்.சி. (ஜீவனாம்ச வழக்கு) என்று தொடங்கும் எண்ணும், பதினாறு எழுத்தும் எண்ணும் கலந்த சி.என்.ஆர். எண்ணும் கிடைக்கும். இரண்டையும் கோப்பின் மேலட்டையிலேயே எழுதிவிடுங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது என்று யாரையும் கேட்காமல் தெரிந்துகொள்ளலாம்.

காலை பத்து மணிக்கே போய்விடுங்கள். கதவருகே ஒட்டியிருக்கும் பட்டியலில் உங்கள் வரிசை எண்ணைப் பாருங்கள். பிறகு அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். ஒரு நாள் காலை நான் அங்கே இருந்தபோது, ஓர் அம்மா மகளோடு அதிகாலை வண்டியேறி வந்து, மஞ்சள் பையை மடியில் வைத்து இரண்டு மணி நேரம் காத்திருந்தார். மகள் தண்ணீர் குடிக்கப் போன ஐந்து நிமிடத்தில் நீதிமன்ற ஊழியரான டவாலி வாசலில் நின்று பெயரை மூன்று முறை கூப்பிட்டார். அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். மகள் திரும்பி வந்தபோது அடுத்த வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. மனுதாரர் வரவில்லை என்று மனு தள்ளுபடியாகிவிட்டது. அதை மீண்டும் கோப்புக்கு எடுக்க 30 நாளுக்குள் தனி மனுப் போட வேண்டியிருந்தது, அதற்குள் சில வாய்தாக்கள் போயின. பெயர் கூப்பிடும் முன் எங்காவது போக நேர்ந்தால் பெஞ்ச் கிளார்க்கிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். பெரும்பாலும் வழக்கைச் சற்று ஒத்திவைத்து மறுபடி கூப்பிடுவார்கள்.

எல்லோர் முன்னாலும் அந்தரங்கத்தைப் பேசக் கூசினால், மூடிய அறையில் விசாரிக்கச் சொல்லுங்கள். ஒரு தரப்பு கேட்டாலே நீதிமன்றம் அப்படிச் செய்தாக வேண்டும் என்று அதே குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 11வது பிரிவு சொல்கிறது. இதை அறியாமல் எத்தனையோ பேர் கூட்டத்தின் நடுவே குரல் எழும்பாமல் நிற்கிறார்கள்.

கவுன்சிலிங்

வழக்கைத் தீர்ப்பதற்கு முன் சமரசத்துக்கு முயல்வது குடும்ப நீதிமன்றத்தின் கடமை. அதனால் முதல் சில வாய்தாக்களிலேயே ஆலோசகரிடமோ சமரச மையத்துக்கோ அனுப்புவார்கள். "எப்படியும் சேர்த்துவைத்துவிடுவார்கள்" என்ற பயத்தில் போகாமல் இருப்பவர்கள் உண்டு. சமரசம் என்றால் சேர்ந்து வாழ்வது என்று மட்டும் பொருளில்லை. மரியாதையாகப் பிரிவதும், குழந்தைக்கு எவ்வளவு, எந்தத் தேதியில் என்று எழுதி முடிப்பதும் சமரசம்தான். அங்கே யாரும் உங்களைக் கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்க முடியாது. புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டு அடுத்த முறை போடுகிறேன் என்று சொல்லலாம்.

சமரசப் பேச்சில் சொன்னதை எடுத்து வழக்கில் ஆதாரமாகக் காட்ட முடியாது. ஆகவே தாராளமாகப் பேசலாம். குழந்தையின் நலனைப் பற்றி ஆலோசகர் தரும் அறிக்கை மட்டும் நீதிபதியின் பார்வைக்குப் போகலாம்.

குழந்தை

குழந்தை யாருடைய உரிமை என்று நீதிமன்றம் பார்ப்பதில்லை. குழந்தைக்கு எது நல்லது என்று பார்க்கிறது. ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் சொல்கிறது. விவரம் தெரிந்த குழந்தையை நீதிபதி தன் அறைக்கு அழைத்துத் தனியாகப் பேசுவார். அதற்கு முன் "இப்படிச் சொல், அப்படிச் சொல்" என்று தயவுசெய்து பாடம் நடத்தாதீர்கள். மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கும் குழந்தையை அடையாளம் காண நீதிபதிக்கு அதிக நேரம் ஆகாது. அதைவிட, அந்தப் பாரத்தை அந்தப் பிஞ்சின் தலையில் ஏற்றக் கூடாது.

பொறுப்பு ஒருவரிடம் இருந்தாலும் மற்றவருக்குப் பார்க்கும் உரிமை உண்டு. வார இறுதியில் சில மணி நேரம், பள்ளி விடுமுறையில் சில நாள் என்று உத்தரவு வரும். முதல் சந்திப்புகள் நீதிமன்ற வளாகத்தில் உள்ள அறையிலேயே நடக்கலாம். அந்த அறையில், மகளைப் பார்க்க வந்த ஓர் அப்பா, அவளுக்குப் பிடித்த பிஸ்கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, அவள் அம்மாவின் புடவையை விட்டு இரண்டடி நகர்வதற்காக நாற்பது நிமிடம் பேசாமல் காத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஜீவனாம்சம் வரவில்லை என்பதற்காகச் சந்திப்பைத் தடுக்காதீர்கள். சந்திக்க விடவில்லை என்பதற்காகப் பணத்தை நிறுத்தாதீர்கள். இரண்டும் வேறு வேறு கணக்கு.

இருவரும் சம்மதித்துப் பிரிவதானால்

இந்துத் திருமணச் சட்டத்தின் 13பி பிரிவுப்படி, ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்தவர்கள் கூட்டாக மனுப் போடலாம். மனுப் போட்ட ஆறு மாதத்துக்குப் பிறகு, பதினெட்டு மாதத்துக்குள் இருவரும் மறுபடி வந்து சம்மதத்தை உறுதி செய்ய வேண்டும். பிரிந்து நீண்ட காலமாகி, பணமும் குழந்தை விவகாரமும் தீர்ந்து, சேர வழியே இல்லையென்றால் அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டுச் சட்டமும், 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டமும் பரஸ்பரச் சம்மதப் பிரிவுக்குத் தனித்தனி விதிகள் வைத்திருக்கின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது, ஒப்பந்தத்தின் வரிகள். எவ்வளவு தொகை, எந்தத் தேதியில், எந்த வங்கிக் கணக்கில், நகை எப்போது திரும்பும், மற்ற வழக்குகளை யார் எப்போது திரும்பப் பெறுவது என்று எல்லாம் மனுவிலேயே இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் விடாதீர்கள். கடைசிக் கையெழுத்துக்கு முன்வரை எந்தத் தரப்பும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். குழந்தைக்கு உரிய ஜீவனாம்சத்தைத் தாய் விட்டுக்கொடுத்ததாக எழுதினாலும் அது குழந்தையைக் கட்டுப்படுத்தாது.

உங்களுக்குச் சம்மன் வந்தால்

வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தாலும் சம்மன் சேர்ந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வரும். அதை நீக்கக் கோரத் திருமண வழக்கில் 30 நாள், ஜீவனாம்ச உத்தரவில் மூன்று மாதம் என்று கெடு உண்டு. ஊர் தொலைவென்றால் வழக்கை மாற்றக் கேட்கலாம்: மாநிலத்துக்குள் உயர் நீதிமன்றத்தில், வேறு மாநிலமென்றால் உச்ச நீதிமன்றத்தில்.

உத்தரவு வந்த பிறகு

உத்தரவு வந்த அன்றே அதன் நகல் கேட்டு மனுப் போடுங்கள். தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யக் குடும்ப நீதிமன்றச் சட்டம் கொடுப்பது 30 நாள். இரு நீதிபதிகள் அமர்வு விசாரிக்கும். சம்மதத்தின்பேரில் வந்த தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. விவாகரத்துத் தீர்ப்புக் கிடைத்த கையோடு மறுமணத்துக்கு நாள் குறிக்காதீர்கள். மேல்முறையீட்டுக் காலம் முடிய வேண்டும்.

ஜீவனாம்ச உத்தரவு வந்துவிட்டதால் மட்டும் பணம் வந்துவிடாது. கொடுக்காவிட்டால் வசூலிக்க மனுப் போட வேண்டும். சம்பளத்தையும் சொத்தையும் ஜப்தி செய்யலாம். அப்படியும் கொடுக்காதவரை, பாக்கியுள்ள ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறைக்கு அனுப்பலாம். சிறைக்குப் போய்வந்தாலும் பாக்கி தீர்ந்ததாகாது. ஆனால் 144வது பிரிவில் ஒரு கண்ணி இருக்கிறது: ஒரு தொகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வசூல் மனுப் போட்டால்தான் அந்தத் தொகைக்கு வாரண்டு கிடைக்கும். "மொத்தமாகச் சேரட்டும்" என்று மூன்று வருடம் காத்திருந்தவர்களுக்கு முதல் இரண்டு வருடப் பாக்கி அந்த வழியில் கிடைக்காமல் போயிருக்கிறது. ஒரு நோட்டுப் போட்டு, மாதா மாதம் தேதி, வர வேண்டிய தொகை, வந்த தொகை என்று எழுதி வையுங்கள். வசூல் மனுவோடு இணைக்க வேண்டிய கணக்கு அதுதான்.